காதால் ஒரு கணினி: என்விடிஏ தமிழில் எப்படி?

பார்வையற்ற மாணவர் கணினியில் வேலை செய்ய முதலில் வேண்டியது திரைவாசிப்பான். திரையில் இருக்கும் எழுத்து, பொத்தான், மெனு எல்லாவற்றையும் குரலாக மாற்றிச் சொல்லும் மென்பொருள் அது. இந்தத் துறையில் நெடுங்காலம் கோலோச்சியது ஜாஸ். வசதிகள் நிறைந்ததுதான், ஆனால் உரிமம் வாங்கும் செலவு நம்மூர்ப் பள்ளிகளுக்குக் கட்டுப்படியாகாது. கணினியைப் பயன்படுத்தப் பார்வையுள்ளவர் கொடுக்காத ஒரு கூடுதல் விலையைப் பார்வையற்றவர் மட்டும் ஏன் கொடுக்க வேண்டும் என்ற கேள்வியோடு, ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கர்ரன் 2006-இல் எழுதத் தொடங்கியதுதான் என்விடிஏ. அவரும் பார்வையற்றவர்; பின்னர் அவரோடு சேர்ந்த ஜேம்ஸ் டெஹ்ஹும் பார்வையற்றவர். இருவரும் நிறுவிய என்வி ஆக்ஸஸ் என்ற லாப நோக்கற்ற அமைப்பு இன்றும் இதை இலவசமாகவே தருகிறது. மூலநிரலும் திறந்தே கிடக்கிறது.

ஆங்கிலத்தில் இது எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று உலகமே சொல்லிவிட்டது. தமிழ்வழி மாணவருக்கும் அவருக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியருக்கும் இது எந்த அளவு கைகொடுக்கும்? அதைப் பார்ப்பதுதான் இந்த விமர்சனம். சாதாரண விண்டோஸ் 11 மடிக்கணினி ஒன்றில், என்விடிஏவைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தும் முதுகலை மாணவி ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சோதித்தேன்.

நிறுவுதல்

தளத்திலிருந்து கோப்பை இறக்கித் திறந்தவுடனேயே பேச ஆரம்பித்துவிடுகிறது. பார்வையுள்ளவர் துணையில்லாமல் மாணவரே நிறுவிக்கொள்ளலாம். கண்ட்ரோல், ஆல்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எப்போது வேண்டுமானாலும் எழுந்து வரும். கட்டளைகளுக்கான ‘என்விடிஏ விசை’யாக இன்ஸெர்ட்டையோ கேப்ஸ் லாக்கையோ வைத்துக்கொள்ளலாம். மடிக்கணினி என்றால் கேப்ஸ் லாக்தான் சௌகரியம். மெனுக்களையும் அறிவிப்புகளையும் தமிழுக்கு மாற்றிக்கொள்ளும் வசதி அமைப்புகளில் இருக்கிறது.

பள்ளிகளுக்கு மிகவும் உதவக்கூடியது பென்டிரைவ் பதிப்பு. கருவிகள் மெனுவிலிருந்து ஒரு பிரதியைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டால், ஆய்வகத்தின் எந்தக் கணினியில் செருகினாலும் மாணவர் தன் குரல், தன் வேகத்தோடு வேலையைத் தொடங்கலாம். நிர்வாகியின் கடவுச்சொல் தேவையில்லை. கணினியில் உள்நுழையும் திரையை இந்தப் பதிப்பு வாசிக்காது.

குரல்

தமிழுக்கு எளிதில் கிடைப்பவை இரண்டு குரல்கள். முதலாவது, என்விடிஏவுடனே வரும் ஈஸ்பீக். கேட்டவுடன் முகம் சுளிக்க வைக்கும் இயந்திரக் குரல். இரண்டாவது, விண்டோஸின் பேச்சு அமைப்புகளில் தமிழைச் சேர்த்தால் வரும் மைக்ரோசாஃப்ட் வள்ளுவர். மனிதக் குரலுக்கு நெருக்கமானது. கதை, கட்டுரை கேட்க இதமானது.

எனக்கு வள்ளுவர் பிடித்தார். மாணவியோ நொடியும் யோசிக்காமல் ஈஸ்பீக்குக்கு மாற்றினார். வள்ளுவரில் விசையை அழுத்தியதற்கும் குரல் வருவதற்கும் நடுவே சின்ன இடைவெளி விழுகிறது. ஒரு பத்தி கேட்பவருக்கு அது பொருட்டில்லை; நிமிடத்துக்குப் பல முறை அம்புக்குறியைத் தட்டுபவருக்குப் பெரும் தொல்லை. ஈஸ்பீக் அழுத்தியவுடன் பேசுகிறது, வேகத்தை ஏற்றினாலும் சொற்கள் குழைவதில்லை. அவர் வைத்திருந்த வேகத்தில் என் காதுக்கு எட்டியது வெறும் இரைச்சல்தான். அவரோ கேட்டுக்கொண்டே பத்தியின் சாரத்தைச் சொன்னார். புதிதாகத் தொடங்கும் மாணவருக்கு வள்ளுவரைக் கொடுங்கள். கை பழகியதும் ஈஸ்பீக்குக்குத் தானாகவே போய்விடுவார்.

வாசிப்பு

இணையப் பக்கத்தில் ‘ஹெச்’ விசையைத் தட்டினால் அடுத்த தலைப்புக்கும், ‘கே’ தட்டினால் அடுத்த இணைப்புக்கும், ‘டி’ தட்டினால் அடுத்த அட்டவணைக்கும் தாவுகிறது. தமிழ் விக்கிப்பீடியாவின் நீண்ட கட்டுரை ஒன்றில் வேண்டிய பகுதிக்கு மாணவி போய்ச் சேர்ந்த வேகத்துக்கு, மவுஸை உருட்டிக்கொண்டிருந்த என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. வேர்டு கோப்பிலும் இதே வசதி உண்டு. ஆனால் ஒரு நிபந்தனை: தலைப்பை எழுத்துப் பெரிதாக்கித் தடித்துக் காட்டினால் போதாது. ‘ஹெடிங்’ என்ற பாணியை அதற்குக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காவிட்டால் இருபது பக்கக் குறிப்பும் தொடக்கம் முதல் கடைசிவரை ஒரே ஓட்டமாகத்தான் கேட்கும்.

எழுதுதல்

விண்டோஸிலேயே இருக்கும் தமிழ் 99, அஞ்சல் விசைப்பலகைகள் இரண்டும் என்விடிஏவோடு ஒத்துப்போகின்றன. தட்டத் தட்ட எழுத்தையோ சொல்லையோ திருப்பிச் சொல்லும்படி அமைக்கலாம். சிக்கல் திருத்தும்போதுதான். ‘கொ’ என்று அடித்துவிட்டு பேக்ஸ்பேஸைத் தட்டினால் முழு எழுத்தும் போவதில்லை. ஒகரக்குறி மட்டும் போய் ‘க’ அப்படியே நிற்கிறது. போனது எது, நிற்பது எது என்று அம்புக்குறியால் திரும்பிப் போய்க் கேட்டுச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

காதால் மட்டும் தமிழ் கற்பவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: னகர ணகர வேறுபாட்டையும் ரகர றகர வேறுபாட்டையும் இந்தக் குரல்களை வைத்துப் பிரித்தறிவது கடினம். இதற்கு மருந்து பிரெய்ல்தான். ஆர்பிட் ரீடர் 20 போன்ற பிரெய்ல் திரையை இணைத்தால், என்விடிஏ சொல்வதெல்லாம் தமிழ்ப் பிரெய்லில் விரல் நுனிக்கு வந்துவிடுகிறது. கருவிக்குச் செலவாகும், பள்ளிக்கு ஒன்றாவது இருந்தால் எழுத்துப்பிழை குறையும். கணினி வந்துவிட்டது, பிரெய்ல் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

எங்கே சறுக்குகிறது?

மாணவியின் மின்னஞ்சலில் இருந்த பாடக்குறிப்பு ஒன்றைத் திறந்தோம். திரையில் எனக்கு அழகான தமிழ் தெரிந்தது. என்விடிஏ வாயிலிருந்து வந்ததோ பொருளற்ற ஆங்கில உளறல். ‘தமிழ்’ என்ற சொல்லின் மேல் நிறுத்தி எழுத்தெழுத்தாகக் கேட்டோம்: “ஜே, கே, பி, ஓ, செமிகோலன்.” காரணம், கோப்பு பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டிருந்தது. உள்ளே சேமிக்கப்பட்டிருப்பவை ஆங்கில எழுத்துகள். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வேடம் போட்டுவிடுகிறது. கண் ஏமாறும், திரைவாசிப்பான் ஏமாறாது. தமிழைத் தமிழாகவே சேமிக்கும் யூனிகோடைத் தமிழக அரசு 2010-இலேயே ஏற்றுக்கொண்டு ஆணை பிறப்பித்துவிட்டது. அதன் பிறகும் டிடிபி கடைகளிலும் பள்ளி அலுவலகங்களிலும் பழைய எழுத்துருக்கள் ஓய்வு பெறவில்லை.

அடுத்தது ஸ்கேன் செய்த பிடிஎஃப். அது படம் மட்டுமே என்பதால் ஒரு சொல்லும் வராது. என்விடிஏ விசையோடு ‘ஆர்’ சேர்த்து அழுத்தினால் விண்டோஸின் ஓசிஆர் வசதி படத்திலுள்ள எழுத்தைப் படித்துச் சொல்கிறது. ஆனால் அந்த வசதியின் மொழிப்பட்டியலில் தமிழ் இல்லை. மாற்றுவழியாக, கோப்பை கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸில் திறந்தால் தமிழ் எழுத்துகள் கிடைக்கின்றன. தெளிவான அச்சு என்றால் நன்றாகவே வருகிறது; இரண்டு பத்திகளாக அமைந்த பக்கத்திலும் அட்டவணையிலும் வரிகள் கலந்துவிடுகின்றன. கணிதச் சமன்பாடுகளைப் படமாக ஒட்டியிருந்தால் ‘கிராஃபிக்’ என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது.

கணினி இல்லாதவர்களுக்கு

ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் என்ற திரைவாசிப்பான் கூடவே வருகிறது. கூகுளின் தமிழ்க் குரலும் உண்டு. செய்தி படிக்க, வாட்ஸப் பார்க்க, பாடம் கேட்க அது போதும். பக்கக் கணக்கில் விடை எழுதவும், எழுதியதைத் திருத்தவும் விசைப்பலகையும் என்விடிஏவும்தான் சரிப்படும். படிக்கப் புத்தகங்கள் வேண்டுவோர், 2016-இல் தொடங்கப்பட்ட சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்தில் உறுப்பினராகலாம். அச்சு நூலைப் படிக்க முடியாதவர்களுக்கென்றே அமைந்தது அது.

ஆசிரியருக்கு

என்விடிஏவின் கருவிகள் மெனுவில் ‘ஸ்பீச் வியூவர்’ இருக்கிறது. குரலாக வருவது அத்தனையும் ஒரு சிறு சாளரத்தில் எழுத்தாகவும் ஓடும். மாணவருக்கு என்ன கேட்கிறது என்பதை ஹெட்போனைப் பிடுங்காமலே ஆசிரியர் தெரிந்துகொள்ளலாம். ‘ஸ்கிரீன் கர்ட்டன்’ என்ற வசதி திரையையே கறுப்பாக்கிவிடும். திரையில் இருப்பதைப் பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்க்காமலிருக்க ஏற்பட்டது. ஆசிரியருக்கு அதில் வேறொரு பயனும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எழுத்துத் தேர்வை பிரெய்லிலோ கணினியிலோ பெரிய எழுத்திலோ எழுதத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல்கள் தந்தன. மணிக்கு 20 நிமிடங்களுக்குக் குறையாத கூடுதல் நேரமும் அவற்றில் இருந்தது. ஆண்டு முழுவதும் தானே தட்டச்சு செய்து பழகிய மாணவர், தேர்வன்று சொல்வதை எழுதுபவரை நம்பி உட்கார வேண்டியதில்லை.

தீர்ப்பு

பிளஸ்: விலையில்லை, பழைய கணினியிலும் ஓடும், தமிழ் மெனு, இரண்டு தமிழ்க் குரல், தமிழ்ப் பிரெய்ல், பென்டிரைவிலேயே கொண்டுபோகலாம். மைனஸ்: படத்திலுள்ள தமிழைப் படிக்காது, எழுத்துத் திருத்துவதில் பொறுமை வேண்டும், விசைக் கட்டளைகள் மனத்தில் பதியச் சில வாரங்களாவது கூட இருந்து சொல்லித்தர ஆள் வேண்டும். தமிழ்வழி மாணவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்யலாம். பள்ளி ஆய்வகத்தின் எல்லாக் கணினிகளிலும் நிறுவி வைப்பது நல்லது.

மாணவியின் கணினியில் கண்ட தடங்கல்களில் பாதிக்கு மேல் என்விடிஏவின் குறையல்ல. அவர் கைக்கு வந்து சேர்ந்த கோப்புகளின் குறை. அதைச் சரிசெய்யப் பணம் தேவையில்லை. யூனிகோடில் அடியுங்கள், தலைப்புக்கு ஹெடிங் கொடுங்கள், படத்துக்கு ஒரு வரி விளக்கம் எழுதுங்கள். பழைய கோப்புகளை என்ஹெச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகள் யூனிகோடாக்கித் தரும். அடுத்த வினாத்தாளை அனுப்புவதற்கு முன் என்விடிஏவை நிறுவி, ஸ்கிரீன் கர்ட்டனைப் போட்டுவிட்டு, முதல் கேள்வியிலிருந்து கடைசிக் கேள்விவரை நீங்களே ஒருமுறை கேட்டுப் பாருங்கள். உங்களுக்குப் புரிந்தால் அனுப்பலாம்.