தூய்மை என்னும் கொடுஞ்சொல்

சொல்லினாற் பொருள் தெரிதலேயன்றிச் சொல்லின் தன்மையும் தெரியும் என்பது தொல்காப்பியர் கொள்கை. ஒரு சொல் தான் குறிக்கும் பொருளைக் காட்டுவதோடு, அதனை வழங்கினோர் அப்பொருளை எவ்வாறு நோக்கினர் என்பதையும் உடன் காட்டிவிடும். இவ்வுண்மைக்கு இருபதாம் நூற்றாண்டு தந்த மிகக் கொடிய சான்றுகளுள் ஒன்று ‘யூடன்ரைன்’ என்னும் ஜேர்மானியச் சொல். இன்று அது ஆங்கிலம் முதலிய பிறமொழிகளிலும் மொழிபெயர்க்கப்படாமலே வழங்குகின்றது. அதன் பொருள் யாது, அதனை எவ்வாறு எடுத்தாளுதல் தகும் என்பவற்றை ஈண்டு ஆராய்வாம்.

‘யூடன்’ என்பது யூதர். ‘ரைன்’ என்பது தூய்மையுடையது. இதனோடு இணைத்து வழங்கப்பட்ட மற்றொரு சொல் ‘யூடன்ஃப்ரை’ என்பது. ‘ஃப்ரை’ என்பது நீங்கியது, அற்றது என்னும் பொருளது. காய்ச்சல் நீங்கிய உடலையும், சுங்க வரியற்ற பண்டத்தையும், கிருமியற்ற கருவியையும் ஜேர்மானியர் இவ்வீற்றினாலேயே குறிப்பர். வீட்டினுள் அசுத்தஞ் செய்யாது பழக்கப்பட்ட நாயை ‘ரைன்’ என்னும் ஈற்றோடு கூட்டி வழங்குவர். நாட்சி அலுவலர் இவ்விரு சொற்களையும் பெரும்பாலும் வேறுபாடின்றியே ஆண்டனர். எனினும் சொற்பொருள் அளவில் வேறுபாடு உண்டு. முன்னையது இன்மையைக் கூறும். பின்னையது அவ்வின்மையைத் தூய்மை எனப் போற்றும். ஆகவே யூதர் அழுக்கு என்னும் தீர்ப்பு அச்சொல்லின் உள்ளேயே அடங்கிக் கிடக்கின்றது. சொல்லை ஏற்பவன் தீர்ப்பையும் அறியாமலே ஏற்கின்றான்.

இச்சொல் ஹிட்லர் ஆட்சியிற் பிறந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே, யூத விருந்தினரை ஏற்காத உல்லாச விடுதிகளும் கடற்கரைத் தலங்களும் இத்தகைய சொற்களாலே தம்மைப் பெருமையாக விளம்பரஞ் செய்தன. வடகடலிலுள்ள போர்க்கும் தீவு இவ்வகையிற் பெயர்பெற்றதாகும். அன்று அதன் பொருள், ‘இங்கே உமக்கு அறை இல்லை’ என்ற அளவினதே. 1941 இற்குப் பின்னரோ, ‘இங்கே நீர் உயிரோடு இல்லை’ என்பது அதன் பொருளாயிற்று. எழுத்து மாறவில்லை, செயலே மாறிற்று.

அம்மாற்றத்தை இரண்டு ஆவணங்கள் தெளிவாகக் காட்டும். லித்துவேனியாவிற் கொலைப்படையொன்றை நடத்திய கார்ல் யேகர் என்பவன் 1941 டிசம்பர் 1 ஆந் திகதி ஓர் அறிக்கை எழுதினான். ஊர் ஊராக, நாள் நாளாக, ஆடவர், பெண்டிர், குழந்தைகள் எனக் கொல்லப்பட்டோரை எண்ணி, 137,346 என அவன் தொகை காட்டினான். அந்நாட்டை யூதரற்றதாக்குவதே நோக்கம் என்பதும் அவ்வறிக்கையிலேயே உண்டு. அடுத்தது, 1942 ஜனவரி 20 இல் பேர்லினிலுள்ள வான்சே மாளிகையிற் பதினைந்து அலுவலர் கூடிய கூட்டத்தின் குறிப்பு. ஐரோப்பிய நாடுகளின் யூதர் தொகையை நிரைப்படுத்தும் அதன் பட்டியலில், எஸ்தோனியாவுக்கு நேரே இலக்கம் இல்லை; ‘யூடன்ஃப்ரை’ என்னும் ஒரு சொல் மாத்திரமே உண்டு. ஜேர்மன் படை புகுந்தபோது அங்கு எஞ்சியிருந்த ஏறத்தாழ ஆயிரம் யூதர் ஒரு சில திங்களிற் கொல்லப்பட்டதன் கணக்கு அவ்வொரு சொல். அச்சொல் உண்மையாகவும் நிலைக்கவில்லை. 1943 இல் அயல் நாடுகளிலிருந்து பல்லாயிரம் யூதர் அந்நிலத்திலுள்ள வைவாரா முதலிய முகாம்களுக்குக் கொண்டுவரப்பட்டனர். 1944 செப்தெம்பரிற் குளோகா முகாமில் ஏறத்தாழ இரண்டாயிரவர் கொல்லப்பட்டனர்.

இனி, இச்சொல்லை நம் இலக்கண மரபு கொண்டு அளந்து நோக்குவாம். நன்னூலார் தகுதி வழக்கினை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுப்பர். செத்தாரைத் துஞ்சினார் என்றல் மங்கலம். பொற்கொல்லர் பொன்னைப் பறி என்றல் குழூஉக்குறி. நாட்சிகள் கொலையைச் ‘சிறப்பு நடத்துகை’ என்றது குழூஉக்குறியின்பாற் படும். அது மறைத்தற்கு எழுந்தது. மறைப்பு வெளிப்படத் தொடங்கியதும், 1943 இற் புள்ளிவிபர அறிக்கையொன்றிலிருந்து அச்சொல்லை ஹிம்லர் நீக்குவித்தான். ஆனால் ‘யூடன்ரைன்’ மறைத்தற்கு எழுந்ததன்று. பெருமை பேசுதற்கு எழுந்தது. அது மங்கலமுமாகாது. மங்கலம் துயருற்றார் நெஞ்சை நோவாது காக்கும் கருணையிற் பிறப்பது. இதுவோ கொன்றார் நெஞ்சைக் கூசாது காப்பது. இடக்கரடக்கலின் நேர்மாறே இது எனலாம். அங்கே அசுத்தமான பொருளுக்கு நாகரிகமான சொல் இடப்படும். இங்கே நல்ல பொருள் தரும் தூய்மை என்னும் சொல்லே அசுத்தமாக்கப்பட்டது.

இச்சொல்லை இன்று அரசியல் வாதங்களில் உவமையாக வீசுவோர் உளர். ஓர் அமைப்பில் யூதர் சேர்க்கப்படவில்லையெனினும், ஒரு நிலப்பகுதியிற் குடியேற்றம் தடுக்கப்படினும் உடனே இச்சொல் எழுகின்றது. அவர் கூறும் நியாயம் புறக்கணிக்கத்தக்கதன்று. விடுதி வாயிலில் தொடங்கிய சொல்லே கொலைக்குழியில் முடிந்தது. ஆகவே விலக்கலைக் கண்டவுடன் அச்சொல்லாற் சுட்டுதல் எச்சரிக்கையாகும் என்பர். எனினும் 1941 இற்குப் பின் அச்சொல் மீண்டும் விடுதி வாயிலுக்குத் திரும்புதல் இயலாது. அதனைக் கேட்போர் குழிகளையே நினைப்பர். எந்தப் படியை எந்தப் படியோடு ஒப்பிடுகின்றோம் எனச் சொல்லாது அச்சொல்லை மாத்திரம் எறிதல், வாதத்தை முடிக்குமேயன்றி விளக்காது. இறந்தோரைச் சாட்சியாக அழைத்து அவர் வாயை மூடுவதாகவும் ஆகும்.

ஆதலின் இரு நெறிகள் கொள்ளத்தக்கன. ஆவணத்தை எடுத்துக்காட்டுமிடத்து அச்சொல்லை மூலவடிவிலேயே மேற்கோட்குறியுள் இட்டு, எழுதினவன் இவன் எனக் காட்டுக. நம் கூற்றாக எழுதுமிடத்து அதனை விடுத்து, நிகழ்ந்ததை எழுவாயும் பயனிலையுமாக எழுதுக. ‘எஸ்தோனியா யூதரினின்று தூய்மையாயிற்று’ என்பதிற் கொன்றவனும் இல்லை, கொல்லப்பட்டவனும் இல்லை. ‘எஸ்தோனியாவில் எஞ்சிய யூதரை நாட்சிகளும் அவர்க்குத் துணைநின்ற உள்ளூராரும் கொன்றனர்’ என்பதில் இருவரும் உளர்.

இது பிறமொழிச் சொல்லொன்றைப் பற்றிய ஆராய்ச்சி மாத்திரமன்று. 1990 களில் யூகோசிலாவியப் போர்களின்போது பரவிய தொடரொன்றை நாமும் ‘இனச் சுத்திகரிப்பு’ எனப் பெயர்த்து, மேற்கோட்குறியுமின்றி நாள்தோறும் எழுதுகின்றோம். சுத்திகரித்தல் என்போமாயின் அழுக்கு எது என்னும் வினா எழுமன்றோ? 1944 இல் ரபாயேல் லெம்கின் படைத்த சொல்லோ இனத்தையும் கொலையையும் நேரே இணைத்து நிற்பது. நாம் அதனை இனப்படுகொலை என்கின்றோம். 1948 இல் ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கை ஏற்றதும் அச்சொல்லையே. அது கொல்லப்பட்டோர் பக்கம் நின்று நோக்குகின்றது. சுத்திகரிப்பு என்பது துரத்துவோன் பக்கம் நின்று நோக்குகின்றது. கொலை நிகழாது துரத்தல் மாத்திரம் நிகழ்ந்தவிடத்து, ‘மக்களை வலிந்து வெளியேற்றல்’ என எழுதத் தமிழுக்குச் சொற்பஞ்சம் இல்லை. தூய்மை என்னும் சொல்லை மனிதர் இல்லாமையின் பெயராக்காது காத்தல் தமிழ் எழுதுவோர் கடனாகும்.