வெள்ளிக் குவளையும் மறைந்த கைகளும்: ஒரு பானம்பற்றிய இரு எழுத்துக்கள்

செய்முறைக் குறிப்புக்களை நாம் பொதுவாக இலக்கியமாகக் கொள்வதில்லை. பயன் கருதி எழுதப்படும் அவற்றில் நடைநலம் தேடுவாரும் இலர். எனினும், எந்தவோர் எழுத்தும் தன்னைத் தோற்றுவித்த சமூக உறவுகளின் சுவடுகளைத் தாங்கியே நிற்கும் என்பதை ஏற்போமாயின், சமையற் குறிப்பும் மதுக்கலவைக் குறிப்புங்கூடத் திறனாய்வின் எல்லைக்குப் புறம்பானவையாகா. ஐக்கிய அமெரிக்காவின் கென்ரக்கி மாநிலத்துக்குரியதாகப் போற்றப்படும் ‘மின்ற் ஜூலெப்’ என்னும் பானம்பற்றிய இரு எழுத்துக்களை ஒப்புநோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒன்று 1917இல் வெளிவந்த நூலொன்றிலுள்ள குறிப்பு. மற்றது 1937இல் எழுதப்பட்ட கடிதம்.

பானம் எளிமையானது. சீனி, சிறிது நீர், பொடித்த பனிக்கட்டி, ‘பேர்பன்’ எனப்படும் சோள விஸ்கி, புதினா ஆகிய ஐந்துமே அதன் கூறுகள். ‘ஜூலெப்’ என்ற சொல் பன்னீரைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்து அரபு மொழி வழியாக ஐரோப்பாவை அடைந்து, மருந்துப் பாகினைக் குறித்துப் பின்னர் அமெரிக்காவில் மதுவின் பெயராயிற்று. ஆண்டுதோறும் மே மாதத்து முதற் சனிக்கிழமை லூயிவில் நகரிற் கென்ரக்கி டேர்பிக் குதிரைப் பந்தயம் நடைபெறுகின்றது. பந்தயத் திடலில் இரு நாள்களில் ஏறத்தாழ 1,20,000 குவளைகள் விற்பனையாவதாகக் கூறுவர். அன்று வீடுகளில் நிகழும் விருந்துகளிலும் இப்பானமே முதலிடம் பெறும்.

1937ஆம் ஆண்டுக் கடிதத்தை எழுதியவர் படை அதிகாரியான இளைய சைமன் பொலிவர் பக்னர். அதே பெயர்கொண்ட அவர் தந்தையார் உள்நாட்டுப் போரில் அடிமைமுறையைக் காக்க முனைந்த தென்மாநிலங்களின் தளபதியருள் ஒருவர். பின்னர் கென்ரக்கியின் ஆளுநராகவும் இருந்தவர். செய்முறை கேட்ட உயரதிகாரியொருவருக்கு மகன் எழுதிய மறுமொழியே இக்கடிதம். ஜூலெப் சூத்திரத்தால் ஆவதன்று, அது ஒரு சடங்கு என்றும், பழைய தெற்கின் மரபுரிமை என்றும் பக்னர் கூறுகின்றார். ஊற்று நீர், ஓடைக்கரைப் புதினா, முன்னோர் வைத்துச் சென்ற சீனிக்கிண்ணம், வரிசையாக வைத்த வெள்ளிக் குவளைகள் எனக் காட்சிகள் விரிகின்றன. நகைச்சுவை கலந்த நடை அது; அழகியதுங்கூட. அதனை மறுத்தல் நேர்மையன்று.

ஆயின், அவ்வழகு எவற்றை விலக்கியதால் அமைந்தது என்பதே வினா. அக்கடிதத்திற் பொருள்கள் யாவும் இயற்கையிலிருந்தோ முன்னோரிடமிருந்தோ வந்து சேர்கின்றன. குவளையின் புறத்தே வெண்பனி படர்வதையும் இயற்கையின் கைவண்ணமாகவே பக்னர் வருணிக்கின்றார். உண்மையில், நன்கு பொடித்த பனிக்கட்டி மதுவோடு கலக்கையில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே செல்ல, வெள்ளி அக்குளிரை விரைந்து கடத்த, காற்றின் ஈரம் குவளைமீது உறைகின்றது. இதற்குப் பனிக்கட்டியை இடிக்கவும் இடையறாது கலக்கவும் ஒரு கை வேண்டும். பழைய தெற்கில் அது பெரும்பாலும் அடிமைப்பட்ட கறுப்பினத்தவரின் கையாகவே இருந்தது. விர்ஜீனியா மாநிலத்தின் றிச்மண்ட் நகரில் ஜூலெப்புக்குப் புகழ்பெற்ற ஜோன் டாப்னி ஓர் அடிமை. தம் உழைப்பால் ஈட்டிய பணத்தைக் கொண்டு மனைவியின் விடுதலையை விலைகொடுத்து வாங்கியவர். கடிதத்தில் அத்தகையோருக்கு இடமில்லை. உழைப்பானது சடங்காக உருமாற, உழைத்தவன் மறைந்து, கனவான் எஞ்சுகின்றான்.

இனி முந்திய எழுத்துக்கு வருவோம். ‘இலட்சிய மதுப் பரிமாறுநர்’ எனப் பெயர் தரத்தக்க நூலின் ஆசிரியர் ரொம் புலொக், அடிமைமுறை ஒழிந்து ஏழாண்டுகளின் பின்னர், 1872இல், லூயிவில் நகரிற் பிறந்த கறுப்பினத்தவர். அந்நகரின் பெண்டெனிஸ் கழகத்திலும் பின்னர் சென்ற் லூயி நகரின் நாட்டுப்புறக் கழகத்திலும் பணியாற்றினார். இரண்டும் வெள்ளையரையே உறுப்பினராகக் கொண்டவை. மதுக்கலவைபற்றி நூல் வெளியிட்ட முதற் கறுப்பின அமெரிக்கராக அவர் கருதப்படுகின்றார்.

நூலின் பாயிரப் பகுதி கூர்ந்து நோக்கத்தக்கது. ஆசிரியன் தன்னைத் தான் புகழ்தல் தகாது, பிறரே சிறப்புப்பாயிரம் உரைக்க வேண்டும் என்பது நம் மரபு. புலொக்குக்குப் பாயிரம் உரைத்தவர் ஜோர்ஜ் ஹேர்பேட் வோக்கர். பிற்கால அமெரிக்க அதிபர் இருவரின் மூதாதை. பத்திரிகைத் தலையங்கமொன்றும் நூலில் இடம்பெறுகின்றது. 1913இல் அவதூறு வழக்கொன்றில் முன்னாள் அதிபர் தியடோர் ரூஸ்வெல்ற் தாம் அருந்திய ஜூலெப் சொற்பமே எனச் சாட்சியமளித்தார். ரொம் கலக்கும் ஜூலெப்பை யாரேனும் அரைகுறையாக அருந்துவரோ என அத்தலையங்கம் எள்ளியது. புகழ்ச்சிதான். ஆயின், அதே தலையங்கம் அவருக்கு அக்கலையைக் கற்பித்தவராக வெள்ளையரொருவரையே பெயர் சுட்டுகின்றது. பாராட்டும் வாயே கலையின் உரிமையைப் பறித்துக்கொள்வதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டியதில்லை.

இவற்றினிடையே புலொக்கின் குரல் யாது? பெரிய வெள்ளிக் குவளை. அரை அவுன்ஸ் அளவு நீரிற் கரைத்த ஒரு சீனிக்கட்டி. குவளை நிறைய நுண்ணிய பனிக்கட்டி. இரு அளவை முதிர்ந்த பேர்பன். நன்கு கலக்கிப் புதினாக் கொத்தைச் செருகுதல். ஊற்றுமில்லை, முன்னோருமில்லை. இச்சுருக்கத்தை எதிர்ப்புக் குரலெனக் கொள்வது மிகையாகும். இவ்வகை நூல்கள் அனைத்துக்கும் பொதுவான நடை அது. ஆனால் இறுதியில் ஓர் எச்சரிக்கை உண்டு: புதினாவை நசுக்கலாகாது. பக்னரோ ஓரிலையைச் சற்றே நசுக்கச் சொல்வார். இலையின் மேற்பரப்பிலுள்ள நறுமண எண்ணெய் மென்மையாகத் தொட்டாலே வெளிப்படும்; நசுங்கினாற் கசப்புஞ் சேரும். ஆயிரம் முறை செய்த கை அறிந்த அறிவு அது. பாயிரங்கள் மறைத்த ஆசிரியனை அவ்வெச்சரிக்கையிலேயே நாம் சந்திக்கின்றோம்.

பந்தயத்தின் வரலாறும் இதனோடு ஒத்துச் செல்வதாகும். 1875இல் நடந்த முதலாவது டேர்பியில் குதிரையோட்டிய பதினைவருட் பதின்மூவர் கறுப்பினத்தவர். வென்ற ஒலிவர் லூயிசும் அவர்களுள் ஒருவரே. ஐசாக் மேர்பி மும்முறை வென்றார். பின்னர் இனவொதுக்கல் வலுப்பெற, 1921க்குப் பின் 2000ஆம் ஆண்டுவரை ஒரு கறுப்பினக் குதிரையோட்டியேனும் அப்பந்தயத்திற் பங்குகொள்ளவில்லை. ஜூலெப் பந்தயத்தின் அடையாளப் பானமாக நிறுவப்பட்டது 1930களின் இறுதியில். அதாவது, பந்தயத்தை உருவாக்கியோர் திடலினின்று அகற்றப்பட்டிருந்த காலத்தில். மரபு எனப் போற்றப்படுவது பல வேளைகளில் மறதியின் மறுபெயரே.

பக்னரின் கடிதம் இன்றும் விரும்பிப் படிக்கப்படுகின்றது. புலொக்கின் நூலோ நீண்டகாலம் மறக்கப்பட்டிருந்தது. நயமான உரைநடையை நயப்பது திறனாய்வின் முதற்படி. அந்நயத்துக்கு அடியில் யாருடைய உழைப்பு உறைந்துள்ளது என வினவுவது அதன் அடுத்த படி. அவ்வினாவை எழுப்பாத இரசனை, குவளையின் வெண்பனியை இயற்கையின் கொடையென எண்ணி வியப்பதோடு நின்றுவிடும்.