இராமநாதனும் அப்துல் அஸீஸும்: 1915க்கு முன்னும் பின்னும் ஒரு வாசிப்பு

எங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் 1915 கலவரம் பற்றிப் பேச்சு வந்தபோது, இளம் ஆசிரியர் ஒருவர் எழும்பி, "சேர், இராமநாதன் எங்கள காட்டிக் குடுத்தாரு, அஸீஸ் எங்களுக்காகப் பேசினாரு, அவ்வளவுதானே?" என்று கேட்டார். பலர் தலையாட்டினார்கள். நானும் வகுப்பறையில் வருடக் கணக்காக அப்படித்தான் சொல்லி வந்தவன். அன்றிரவு வீட்டுக்கு வந்து, 1888, 1907, 1916 ஆகிய ஆண்டுகளின் மூன்று எழுத்துகளையும் அடுத்தடுத்து வைத்து மீண்டும் வாசித்தேன். அந்த எளிய கணக்கு சரிவராது என்றே இப்போது நினைக்கிறேன்.

முதலாவது, பொன்னம்பலம் இராமநாதன் 1888இல் றோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் வாசித்த கட்டுரை. மொழி, வரலாறு, சமூக வழக்கம், உடற்தோற்றம் என்று ஒவ்வொன்றாக எடுத்து, இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று முடிக்கிறார். அப்போது அவர் சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதி. சோனகருக்கென்று அங்கே தனியாசனம் இல்லை. அடுத்த வருடமே, 1889இல், எம்.சி. அப்துல் ரஹ்மான் நியமிக்கப்பட்டார். இந்தக் காலப் பொருத்தத்தை விட்டுவிட்டு அந்தக் கட்டுரையை வெறும் ஆராய்ச்சி என்று வாசிக்க முடியாது. அதன் நடையும் வழக்கறிஞரின் நடைதான். தன் கட்சிக்காரருக்கு உதவும் சாட்சியை முன்னுக்கு இருத்துகிறார், உதவாததைக் குறுக்கு விசாரணை செய்து அனுப்பிவிடுகிறார்.

அதற்கு ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் ஆங்கிலத்தில் மறுப்பு எழுதினார். 1900இல் உருவான சோனகர் சங்கத்தின் தலைவர், 'முஸ்லிம் பாதுகாவலன்' பத்திரிகையை நடத்தியவர். அவருடைய மறுப்பில் எனக்கு மிகவும் பிடித்தது மொழி பற்றிய பகுதி. ஒரு மக்கள் பேசும் மொழி அவர்களுடைய இனத்துக்குச் சான்றாகாது, வணிகத்தால் வந்த மொழி வேறு, வம்சம் வேறு என்கிறார். இந்த இடத்தில் இராமநாதனின் அத்திவாரம் உண்மையிலேயே ஆட்டம் காண்கிறது.

ஆனால் அதோடு நிற்கவில்லை அவர். ஹாஷிம் குலத்து அறபிகள் எட்டாம் நூற்றாண்டில் இங்கே வந்து குடியேறினார்கள் என்று சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் பதிந்த மரபைத் தூக்கிப் பிடிக்கிறார். எனக்கு இடறுவது இங்கேதான். இராமநாதன் "நீங்கள் யாருடைய இரத்தம்?" என்று கேட்டார். "அந்தக் கேள்வி எதற்கு?" என்று திருப்பிக் கேட்காமல், அஸீஸும் இரத்தக் கணக்கையே காட்டினார். அளவுகோல் எதிராளியுடையது, அளந்து காட்டியவர் இவர். இன்னொன்றும் நடந்தது. இலங்கைச் சோனகர் வேறு, தென்னிந்தியக் கரையிலிருந்து வந்த கரையோரச் சோனகர் வேறு என்ற பிரிகோடு அந்த வாதத்தால் இன்னும் தடித்துவிட்டது. தமிழில் பத்திரிகை நடத்திச் சமூகத்தைத் தட்டியெழுப்பிய ஒரு மனிதரை இப்படிக் குறை சொல்ல மனம் கூசுகிறது. என்றாலும் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் எட்டு வருடத்தில் அந்தக் கோடு சோதிக்கப்பட்டது.

கம்பளையில் பள்ளிவாசலைத் தாண்டி மேளத்தோடு பெரஹரா போவது பற்றிய வழக்கில், 1914இல் கண்டி மாவட்ட நீதிமன்றம் ஒரு விதமாகத் தீர்ப்பளிக்க, 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. மே மாதக் கடைசியில், வெசாக் இரவில், கண்டியில் ஒரு பள்ளிவாசலுக்கு முன்னால் தொடங்கிய கைகலப்பு சில நாட்களில் கொழும்பு வரை போனது. ஆயிரக்கணக்கான கடைகள் சூறையாடப்பட்டன, பள்ளிகள் எரிந்தன. கோபம் கரையோரச் சோனகர் மீதுதான் என்று அன்றும் சொன்னார்கள், இன்றும் எழுதுகிறார்கள். கூட்டம் கடைக்குள் புகுந்தபோது எவரும் வம்சாவளி கேட்கவில்லை. சிங்களத்தில் அதற்கு 'மரக்கல கோலாஹலய' என்று பெயர். அடிபட்டவனுடைய பெயரிலேயே கலவரம்! அந்த 'மரக்கலம்' தமிழ்ச் சொல் என்பது வேறு கதை.

மூன்றாவது, கலவரத்தையும் இராணுவச் சட்டத்தையும் பற்றி இராமநாதன் 1916இல் இலண்டனில் வெளியிட்ட நூல். இதை எங்கட ஆக்கள் வாசிக்காமலே ஏசுகிறார்கள். வாசித்தால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டிவரும். தேசாதிபதி சாமர்ஸின் ஆட்சி இராணுவச் சட்டத்தின் பெயரால் செய்த அநியாயத்தை இவ்வளவு துணிச்சலாகச் சாடியவர்கள் அன்று குறைவு. விசாரணை என்ற பெயரில் நடந்தவையும், 1915 ஜூலை 7இல் ஹென்றி பேதிரிஸ் சுடப்பட்டதும் நியாயமென்று எந்த முஸ்லிமும் சொல்லத் தேவையில்லை. அந்த வழக்கை இராமநாதன் எடுத்தது சரி.

பிழை வேறிடத்தில் இருக்கிறது. அந்த நூலில் சிங்களவருக்கு முகம் இருக்கிறது, குடும்பம் இருக்கிறது, கண்ணீர் இருக்கிறது. சோனகருக்கு இருப்பது காரணம் என்ற ஒரே பாத்திரம்தான். 1888இல் தன் இனத்தவர் என்று பாடுபட்டு நிறுவிய மக்களை 1916இல் அவர் தேடவேயில்லை. இனம் ஒன்றென்றால் அந்தத் துக்கமும் கொஞ்சம் அவருடையதாக இருந்திருக்க வேண்டாமா? 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டவர்களும் தமிழ் பேசியவர்கள்தான் என்பது இந்த இடத்தில் எனக்கு ஞாபகம் வராமல் போவதில்லை.

அஸீஸ் 1915இலேயே மௌத்தாகிவிட்டார். இராமநாதனின் இரண்டாவது எழுத்துக்கு அவரிடமிருந்து மறுப்பு வர வழியில்லை. எங்களுடைய பக்கத்தில் அந்த இடம் வெறுமையாகக் கிடக்க, 1907இன் வம்ச வாதத்தையே இன்னும் மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறோம்.

எங்கட உம்மும்மா கம்பளைப் பக்கம். கலவரத்தில் ஏழு வயது. யார் அடித்தார்கள், ஏன் அடித்தார்கள் என்றெல்லாம் அவ சொன்னதில்லை. "வாப்பாட கட எரிஞ்சி மூணு நாளா சீனி கருகின மணம் போகல்ல மகன், இப்பயும் தொதல் கிண்டுற நேரம் அடிப்பிடிச்சா எனக்கு நெஞ்சு படபடங்குது" என்பா. கலவர நட்டத்துக்கு ஈடு கொடுக்க அரசு அன்று தனிச் சட்டம் கொண்டுவந்தது, ஆணையாளர்களை வைத்துக் கோரிக்கைகளை விசாரித்தது. கடைக்காரர் ஒவ்வொருவரும் என்ன போனது என்று சொல்லித்தான் ஈடு கேட்டிருக்க வேண்டும். உம்மும்மாவின் வாப்பாவும் எத்தனை மூட்டை சீனி, எத்தனை போத்தல் தேங்காய் எண்ணெய் என்று ஒப்புவித்திருப்பார். அடுத்த கூட்டத்துக்கு அந்த ஆசிரியரை அழைத்திருக்கிறேன். அஸீஸின் நூலைக் கொண்டு வருவதாகச் சொன்னார். அதோடு அவருடைய மூத்தவாப்பா வீட்டில் பழைய காகிதப் பெட்டி ஏதும் இருந்தால் அதையும் கொண்டு வரச் சொன்னேன்.