சங்கர்லாலின் தேநீரும் ஊவாத் தோட்டங்களும்

தமிழ்வாணனின் துப்பறியும் நாவல்கள் இளைஞரை வாசிப்புக்குப் பழக்கின. அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும் ஒன்று சுட்டப்படவேண்டும். சிந்திக்கும் சங்கர்லால் தேநீர் அருந்துவது அந்நாவல்களின் வாடிக்கை. பதுளைத் தோட்ட லயமொன்றில் அதனைப் படிக்கும் இளைஞனுக்கோ அத்தேநீர் தன் தாய் பறித்த கொழுந்து. அவ்வுழைப்புக்கு அந்நாவல்களில் இடமில்லை.

அங்கே குற்றம் தனிமனிதத் தீமை. குற்றவாளி பிடிபட்டதும் உலகம் சீராகிவிடுகிறது. ஆனால் தோட்டத் தொழிலாளரை நாடற்றோராக்கிய 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் பாராளுமன்றத்திலே பகிரங்கமாக நிறைவேறியது. அதனைக் கண்டறியத் துப்பறிவாளர் வேண்டியதில்லை.

ஊவாவிற் பிறந்த தெளிவத்தை ஜோசப்பின் ‘குடை நிழல்’ (2010) குற்றமற்ற மலையகத்தான் கைதாவதைச் சித்திரிக்கிறது. இங்கே விசாரணைக்குள்ளாவது அரசே. ‘அடுத்து என்ன’ என்னும் ஆவலை ‘ஏன்’ என்னும் வினாவாக வளர்த்தெடுப்பதே முற்போக்கு எழுத்தாளர்முன் உள்ள பணியாகும்.