பாடும் சீட்டும்: காத்திருப்புப் பிரசங்கங்களைப் பற்றி ஒரு குறிப்பு

ரொம்ப நாளா எழுதணும்னு வைத்திருந்த குறிப்பு இது. கர்த்தருடைய வேளைக்குக் காத்திருப்பது பற்றித் தமிழில் எத்தனை பிரசங்கம், எத்தனை தியானக் கட்டுரை! யூடியூபில் தேடினால் முடிவே கிடையாது. நானும் நிறையக் கேட்டிருக்கிறேன். அமைப்பு பெரும்பாலும் ஒன்றுதான். ஆபிரகாம் புறப்பட்டபோது வயது 75, ஈசாக்கு பிறந்தபோது 100. பானபாத்திரக்காரன் யோசேப்பை மறந்துபோனான், இன்னும் இரண்டு வருஷம் சிறை. அங்கிருந்து நேராகக் கேட்பவரிடம் வந்துவிடுவார்கள்: உங்கள் வேலை, உங்கள் கல்யாணம், உங்கள் குழந்தை, உங்கள் விசா.

கேலி செய்ய வரவில்லை. இந்த வார்த்தைகளைப் பிடித்துக்கொண்டு கெட்ட நாட்களைத் தாண்டியவர்கள் என் வீட்டிலேயே உண்டு. என் குறை வேறு. இந்தப் பிரசங்கங்களில் காத்திருப்பவர் எப்பவும் ஒற்றை ஆள். அவரும் கடவுளும் மட்டும். பக்கத்தில் இன்னொருவரும் காத்துக்கொண்டிருக்கிறார், அவர் முறை முடிந்த பிறகுதான் என் முறை என்கிற நினைப்பே அதில் வருவதில்லை.

பழவேற்காடு ஏரியின் பாட்டு முறை பற்றிப் படித்தபோதுதான் இது எனக்குப் பிடிபட்டது. பாட்டு என்றால் இசை இல்லை, பாடு. ஏரியில் இறால் கிடைக்கிற இடங்கள் கொஞ்சம், வலை கட்டுகிற ஆட்கள் அதிகம். அதனால் எந்த நாளில் யாருக்கு எந்த இடம் என்பதை ஊர் கூடி, முறை வைத்தும் சீட்டுப் போட்டும் தீர்மானிப்பார்கள். இன்றைக்கு நல்ல இடம் கிடைத்தவருக்கு அடுத்த முறை சுமாரான இடம் விழலாம். செபாஸ்டியன் மேத்யூ எழுதி, ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் 1991இல் வெளியிட்ட ஆய்வறிக்கை ஒன்று இதை விவரிக்கிறது. அதில் வருகிற முக்கியமான ஊர்கள் மூன்று: கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம். மூன்றாவது பெயரைப் பார்த்தாலே தெரியும், மாதாவின் ஊர். பழவேற்காட்டு மகிமை மாதா ஆலயத்தின் தொடக்கத்தை 1515 என்று சொல்வார்கள், டச்சுக்காரர்கள் வந்து கோட்டை கட்டுவதற்கு ஏறக்குறைய நூறு வருஷம் முன்பு.

அந்த ஊர்க்காரர் பாடு என்றால் ஏரியில் தன் முறை. அவரே புனித வெள்ளியன்று கோயிலில் பாடு என்று கேட்டால் அது ஆண்டவர் பட்ட பாடு. நாம் வெளியாட்கள்தான் இரண்டையும் சேர்த்துப் பார்த்து வியக்கிறோம். அவர்களுக்கு அது இரண்டு சொல்லாகத்தான் இருக்கும்.

இப்போது லூக்காவின் முதல் அதிகாரத்துக்கு வாருங்கள். சகரியா, எலிசபெத்து. பிள்ளை இல்லை, வயதாகிவிட்டது. காத்திருப்புப் பிரசங்கத்துக்கு இதைவிட நல்ல கதை அமையாது, எல்லோரும் இதை எடுக்கிறார்கள். ஆனால் தேவதூதன் எப்போது வந்தான்? சகரியா வீட்டில் தனியாக ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தபோது இல்லை. ஆலயத்தில் தூபம் காட்டுகிற சீட்டு அவர் பெயருக்கு விழுந்த அன்று. ஆசாரியர்கள் 24 வகுப்பு, அபியாவின் வகுப்பு எட்டாவது. வகுப்புக்கு ஒரு முறை வரும், அதற்குள் சீட்டு. தூபத்துக்கான சீட்டுக்கு அதுவரை தூபம் காட்டாத புதியவர்களைத்தான் அழைப்பார்கள் என்று யூதர்களின் மிஷ்னா நூலில் தாமீத் பகுதி சொல்கிறது. ஒருமுறை கிடைத்தவர் ஒதுங்கி நின்று மற்றவருக்கு வழி விட வேண்டும். முறை, அதற்குள் சீட்டு, கிடைக்காதவருக்கு முன்னுரிமை. பழவேற்காட்டில் யாரிடமாவது இதை விளக்கினால் ஒரு நிமிஷத்தில் புரிந்துகொள்வார், நமக்குத்தான் அடிக்குறிப்பு தேவைப்படுகிறது.

லூக்கா எழுதிய இரண்டாவது புத்தகமும் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. எருசலேமை விட்டுப் போகாமல் காத்திருக்கச் சொல்லிவிட்டு இயேசு போய்விட்டார். பெந்தெகொஸ்தே வரை சுமார் பத்து நாள். அந்தப் பத்து நாளை வைத்து மேல்வீட்டு ஜெபம் பற்றிப் பிரசங்கிப்பவர்கள், அதே அதிகாரத்தின் பின்பாதியை விட்டுவிடுகிறார்கள். அங்கே யூதாஸின் இடத்துக்குச் சீட்டுப் போடுகிறார்கள், மத்தியாவுக்கு விழுகிறது. சிலர் இதைத் தொடுவதே பேதுருவைக் குறை சொல்லத்தான். அவசரப்பட்டுவிட்டார், தேவனுடைய வேளைக்குப் பொறுத்திருந்தால் பன்னிரண்டாவது ஆள் பவுலாக இருந்திருப்பார் என்று ஒரு பழைய வாதம். எனக்கு இது நிற்கிற வாதமாகத் தெரியவில்லை. அடுத்த அதிகாரத்தில் பேதுரு பதினொருவரோடு எழுந்து நிற்கிறார். ஆறாம் அதிகாரத்தில் லூக்கா சாதாரணமாகப் பன்னிருவர் என்று எழுதிவிட்டுப் போகிறார். மத்தியாவைச் சேர்த்தால்தான் கணக்கு சரியாக வரும். காத்திருந்த நாட்களில் அவர்கள் செய்த வேலையே அதுதான்: யார் எந்த இடத்தில் என்று சரி செய்துகொண்டார்கள்.

பாட்டு முறையைத் தூக்கி வைத்துப் பேசுகிறேன் என்று தோன்றலாம். அதில் பெரிய ஓட்டை உண்டு. சீட்டில் பெயர் இருக்க அந்த ஊர்களின் பட்டினவர் சமூகத்துத் தலைக்கட்டாக, அதுவும் ஆணாக இருக்க வேண்டும். அதே ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கிற இருளர்களுக்கும் தலித் மீனவர்களுக்கும் பாடு இல்லை. இதனால் மோதல்களும் நடந்திருக்கின்றன. குலுக்கலில் தோற்றவர் அடுத்த முறைக்குக் காத்திருப்பது ஒன்று, குடத்தில் பெயரே போடாதவரைப் பொறுமையாக இரு என்பது இன்னொன்று. பிரசங்கங்கள் இந்த இரண்டாவது ஆளிடம் பேசும்போதுதான் எனக்கு உறுத்துகிறது.

முகத்துவாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடலும் ஏரியும் சேர்கிற வாய் அது. கோடையில் மணல் ஏறி அடைத்துக்கொள்ளும். அடைத்தால் கடலிலிருந்து இறால் குஞ்சு உள்ளே வராது, படகு கடலுக்குப் போக முடியாது. வெள்ளம் வந்து வாய் திறப்பதற்குக் காத்திருப்பது ஒரு காத்திருப்பு. பருவமழை யார் கையிலும் இல்லை, அதைக் கர்த்தருடைய வேளை என்று சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் வாய் மூடாமல் இருக்க இரு பக்கமும் கல் சுவர் வேண்டும் என்று மீனவர்கள் வருஷக்கணக்கில் கேட்டார்கள். சுமார் 27 கோடி ரூபாயில் திட்டம் அறிவித்த பிறகும், பறவைகள் சரணாலயம் என்பதால் அனுமதி, அதற்கு ஒரு கோப்பு என்று இழுத்தது. இது யாருடைய வேளை? இடையில் ஊர்க்காரர்கள் தாங்களே மணலை வெட்டி வாய் திறந்ததும் உண்டு. அதை அவிசுவாசம் என்று எந்தப் பிரசங்கியாராவது சொல்வாரா?

தாமதமே நல்ல செய்தியாக வருவதும் உண்டு. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்காக 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டங்கள் தள்ளிப்போனபோது, எதிர்த்து நின்ற குப்பங்கள் மூச்சு விட்டன. தாமதம் என்றாலே கடவுள் நம்மைப் பக்குவப்படுத்துகிறார் என்று பொருள் சொல்கிற பிரசங்கத்தில் இதற்கு எங்கே இடம்?

மறுபடி சகரியாவிடம் போனால், அந்தப் பகுதியில் யார் காத்திருக்கிறார் என்று தேடிப் பாருங்கள். லூக்கா காத்திருந்ததாகச் சொல்வது சகரியாவையோ எலிசபெத்தையோ இல்லை, வெளியே நின்ற ஜனங்களை. உள்ளே போன மனுஷன் இன்னும் வரலையே, ஏன் இவ்வளவு நேரம் என்று அவர்கள்தான் நிற்கிறார்கள். சீட்டு விழாத மற்ற ஆசாரியர்களில் சிலரும் அந்தக் கூட்டத்தில் நின்றிருக்கலாம். அவர்களைப் பற்றி ஒரு பிரசங்கம்கூட நான் இதுவரை கேட்டதில்லை. யாராவது கேட்டிருந்தால் சொல்லுங்கள், இந்தக் குறிப்பில் சேர்த்துக்கொள்கிறேன்.