ஒலிவாங்கி என்னும் ஏடெழுதுவோன்: பேராக் தோட்டப்புற இசைப்பதிவுகள் பற்றிய ஒரு திறனாய்வு

முன்னுரை

பழஞ்சுவடியைப் பதிப்பிப்போர் மூலநூலை மட்டும் நோக்குவதில்லை; ஏடெழுதியவரின் பழக்கங்களையும் நோக்குவர். ஏட்டில் புள்ளி இடப்பெறுவதில்லை, எகரமும் ஏகாரமும் மயங்கும், ஓரடி விடுபடும். இவற்றை அறிந்த பின்னரே பாடத்தைத் துணிவர். உ. வே. சாமிநாதையர் போன்றோர் கைக்கொண்ட இந்நெறியை ஒலிநாடாவில் எஞ்சியுள்ள இசைக்கும் பொருத்திக் காணுதல் வேண்டும். பேராக் மாநிலத்தின் முன்னாள் இரப்பர்த் தோட்டங்களில் திருவிழாக்களின்போது பதிவான கச்சேரிகளையும் உறுமி மேளத்தையும் மதிப்பிடுவதற்கு இந்நெறி இன்றியமையாதது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

இப்பதிவுகள் ஏன் அரியவை என்பதை மண்ணின் வரலாறே உணர்த்தும். தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் வாழ்விழந்த சூழலில், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டு தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். எனினும், அடுத்து வந்த பத்தாண்டுகளில் பல தோட்டங்களில் இரப்பர் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் தந்தது. லயத்து மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். ஊர் கலைந்தபின் அவ்வூர்த் திருவிழாவை மீண்டும் பதிவு செய்ய இயலாது. அத்தகைய ஊருக்கு எஞ்சிய ஒலிப்பேழையே ஒற்றை ஏடு.

கருவியின் இயல்பு

தோட்டக் கோயில் திடல்களுக்கு வாடகை ஒலிபெருக்கி நிலையத்தார் கொணர்ந்தவை பெரும்பாலும் ‘டைனமிக்’ எனப்படும் இயங்குசுருள் ஒலிவாங்கிகளே. மெல்லிய தகட்டோடு ஒட்டிய கம்பிச்சுருள் காந்தப்புலத்தில் அசைய மின்னோட்டம் பிறப்பதே இதன் தத்துவம். இதற்குத் தனி மின்னூட்டம் வேண்டா. வெப்பமண்டல ஈரப்பதத்தையும் முரட்டுக் கையாளுகையையும் இது தாங்கும். தவிலும் நாதஸ்வரமும் அருகில் முழங்கினும் எளிதில் சிதறாது. ஆஸ்திரியாவின் ஏ.கே.ஜி. டி12 (1953), ஜெர்மனியின் சென்ஹைசர் எம்.டி.421 (1960), அமெரிக்காவின் ஷூர் எஸ்.எம்.57 (1965), எஸ்.எம்.58 (1966) ஆகியன இவ்வகையின் பெயர்பெற்ற சான்றுகள்.

இவ்வகைக்குரிய எழுத்துப் பழக்கங்களும் அறியத்தக்கவை. எஸ்.எம்.58 ஏற்கும் அலைவெண் ஏறத்தாழ 50 முதல் 15,000 ஹெர்ட்ஸ் வரையே. குரலைத் தெளிவாக்கும் உயர் பகுதியை அது சற்று மிகைப்படுத்தும். வாயருகே பிடித்தால் தாழ்ந்த ஒலிகள் பெருகும். ஆகவே ஒலிப்பேழையில் ஒரு பாடகரின் குரல் கனத்தும் கூர்மையுற்றும் கேட்குமாயின், அவ்விரண்டும் அவர் குரலின் இயல்பே எனத் துணிதல் தவறாகும்.

விடுபட்ட அடி

மிகையினும் விடுபாடே பெரிது. திறந்த வெளியில் தொலைவு இரட்டிக்குந்தோறும் ஒலியளவு 6 டெசிபெல் குறையும். பாடகர் 5 சென்டிமீட்டர் தொலைவிலும் கூட்டம் 5 மீட்டர் தொலைவிலும் இருப்பின் தொலைவு நூறு மடங்கு; இருவரும் ஒரே வலிமையில் ஒலித்தாலும் வேறுபாடு 40 டெசிபெல். சாதாரண ஒலிப்பேழையின் பயனுள்ள வீச்சு ஏறத்தாழ 50 டெசிபெல் என்பதால், கூட்டத்தின் அரோகராவும் பெண்டிரின் குலவையும் நாடாவின் இரைச்சலுக்குள் அமிழ்ந்துவிடும். ஒலிவாங்கி முன்பக்க ஒலியையே சிறப்பாக ஏற்பதாயின் இழப்பு இன்னும் மிகும். உறுமியின் ஒரு முகத்தை வளைகோலால் தேய்க்க எழும் முனகலும் மறுமுகத்து அடிக்கு அருகில் வைத்த ஒலிவாங்கியில் பின்தங்கும்.

இதனைக் கருதாது பதிவை மட்டும் கேட்பவர், “தோட்டத்து இசையில் பாடகரே எல்லாம், மக்கள் வெறும் பார்வையாளர்” என்னும் முடிவுக்கு எளிதில் வந்துவிடுவர். அம்முடிவு மக்களைப் பற்றியதன்று. ஏடெழுதுவோன் விட்ட அடியைப் பற்றியது.

இருவகைப் பாடங்கள்

எஞ்சிய பதிவுகளை இருவகைப் பாடங்களாகப் பகுக்கலாம். ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து நேரே எடுத்தது ஒன்று. கூட்டத்தினிடையே வைத்த கையடக்கப் பதிவுக்கருவி எடுத்தது மற்றொன்று. முன்னது குரலைத் தரும். பின்னது கூட்டத்தையும் குழல் ஒலிபெருக்கியின் கரகரப்பையும் தரும். பல கையடக்கக் கருவிகளில் ஒலியளவைத் தாமே சீராக்கும் அமைப்பு இருந்தது. தவில் முழங்கியதும் குரல் அமிழ்ந்து பின் மெல்ல எழுவது அதன் விளைவு, ஒலிவாங்கியின் குற்றமன்று. ஒரே நிகழ்வின் இருவகைப் பதிவும் கிடைப்பின் சுவடிகளை ஒப்புநோக்குவது போல அவற்றையும் ஒப்புநோக்குதல் வேண்டும்.

கரகரப்பும் பொருளற்றதன்று. தமிழகச் சிற்றூரொன்றில் ஒலிப்பேழையை ஒலிக்கச் செய்வதே ஒரு வழிபாட்டு நிகழ்த்துதல் என்பதைப் பால் கிரீன் 1999ஆம் ஆண்டுக் கட்டுரையில் விளக்கினார். கருநாடக இசைக்குரலை ஒலிவாங்கி எங்ஙனம் உருமாற்றியது என்பதை அமாண்டா வைட்மன் 2006ஆம் ஆண்டு நூலில் ஆராய்ந்தார். கருவியைத் தவிர்த்து இசையைப் பேச இயலாது என்பது இவற்றால் புலனாகும்.

மறுதரப்பு

இன்று நேரடிக் கச்சேரியைப் பதிவு செய்யப் பழைய இயங்குசுருள் ஒலிவாங்கி எதற்கு என வினவுவோர் உளர். தம்புராவின் நுண்ணிய மேற்சுரங்களுக்கும் அமைதியான அரங்கின் வீணைக்கும் மின்தேக்கி ஒலிவாங்கியே சிறந்தது, இதனை மறுப்பதற்கில்லை. ஆயினும் ஈப்போவில் புந்தோங்கிலிருந்து கல்லுமலை நோக்கிச் செல்லும் தைப்பூச ஊர்வலம் அரங்கன்று. வியர்வை, மழை, நெரிசல், முழக்கம் ஆகியவற்றினிடையே பழைய கருவி தன் பணியைச் செய்யும். ஆனால் அது ஒன்றே போதும் எனக் கொள்வது பழைய விடுபாட்டையே மீண்டும் எழுதுவதாகும். உறுமியின் இருமுகத்திற்கும் ஒவ்வொன்று, கூட்டத்தை நோக்கித் தனியே ஒன்று என வைப்பதே தகும்.

முடிவுரை

பதிவுகளைத் தொகுக்கும் ஆய்வாளரும் மாணவரை வீட்டுப் பேழைகளைத் தேடச் செய்யும் ஆசிரியரும் மூன்றைக் கடைப்பிடித்தல் நலம். பாடல் வரிகளோடு, ஒலிவாங்கி எது, எங்கிருந்தது, எக்கருவியில் பதிவானது என்பவற்றையும் குறித்தல். இரைச்சலை நீக்கிய படியை மட்டும் வைத்து மூலப்படியைக் கைவிடாதிருத்தல். ஊரார் நினைவைக் கொண்டு விடுபாட்டை நிரப்புதல். ஈரப்பதத்தில் நாடா பூஞ்சணம் பிடிக்கும். கேட்டு அடையாளங் காட்டவல்ல முதியோரும் அருகி வருகின்றனர். செல்லரித்த ஏட்டைப் போலன்றி, இவ்வேட்டின் விடுபட்ட அடிகளைச் சொல்லவல்லார் இன்னும் நம்மிடையே உளர். அவர்களிடம் கேட்பதே இன்றைய முதற்பணி.