ஒட்டிய முகங்கள்

ராஜஸ்தானின் நாத்துவாரா ஓவியர்களிடம் 'மனோரத்' என்றொரு படவகை உண்டு. நடுவில் கிருஷ்ணனின் வடிவமான ஸ்ரீநாத்ஜி, இருபுறமும் கைகூப்பிய குடும்பம். தலைப்பாகை, நகை, பட்டு எல்லாம் தூரிகை வேலை. பலவற்றில் முகம் மட்டும் ஸ்டூடியோ போட்டோவிலிருந்து கத்தரித்து ஒட்டியது! கழுத்தில் வண்ணம் பூசி ஒட்டை மறைத்திருப்பார்கள். படத்தைச் சாய்த்துப் பிடித்தால் காகித விளிம்பு காட்டிக்கொடுத்துவிடும். தட்டையான உடம்பின்மேல் நிழல் விழுந்த, திரண்ட மூக்கு. அந்தப் பொருந்தாமைதான் எனக்குப் பிடித்தது.

சேகரிப்பாளர்கள் இந்தப் படங்களைத் தேடுவதிலும் நியாயம் இருக்கிறது. நெகட்டிவ் இருந்தால் போட்டோவுக்கு எத்தனை பிரதியும் போடலாம். இந்தப் படமோ ஒன்றே ஒன்று. நாடக இயக்குநர் இப்ராஹிம் அல்காசி திரட்டிய பழைய புகைப்படங்களில் வண்ணம் தீட்டியவையும் உண்டு. வாங்குகிறவர் முதலில் முகத்தைப் பார்க்க வேண்டும். வண்ணம் நிற்கும், போட்டோ வெளிறும். படத்திலிருக்கும் சேட்டின் முகம் மங்கிப்போய் அவருடைய அங்கி மட்டும் பளபளத்தால், நான் வாங்கமாட்டேன்.